எழும்பப் பஞ்சியா? நகரத்து விடியலுக்கு ஒரு காலை ஒழுங்கு

"ஊரில் விடியப்புறம் நாலு மணிக்கே எழும்பித் தோட்டத்துக்கு இறைக்கப் போன மனுசன், இங்கே ஏழு மணிக்கும் பாயை விட்டு எழும்புகிறார் இல்லை." கொழும்பிலே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தங்கியுள்ள கமக்காரக் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் குறை இது. மனைவி கணவனைப் பற்றிச் சொல்வார், தாய் மகனைப் பற்றிச் சொல்வார். சில வேளைகளில் ஒருவர் தம்மைப் பற்றியே வெட்கத்தோடு சொல்லிக்கொள்வார். "எனக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை, எழும்பப் பஞ்சியாய் இருக்கு" என்பார்.

1990இல் வந்தவராக இருக்கலாம், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவராக இருக்கலாம், 2009இல் வன்னியிலிருந்து வந்தவராக இருக்கலாம். நிலத்தை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தக் காலைப் பிரச்சினை பொதுவானது. இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் காரணத்தை அறியாமல் பரிகாரம் தேட முடியாது. ஆகவே முதலில் காரணங்களைப் பார்ப்போம். பின்னர் ஒரு சாதாரண குடும்பம் கைக்கொள்ளக்கூடிய ஒழுங்கைப் பார்ப்போம்.

ஊரில் எங்களை எழுப்பியது எது?

ஊரில் நாங்கள் மனவலிமையால் மட்டும் எழும்பவில்லை. எங்களை எழுப்பப் பல பேர் இருந்தார்கள். சேவல் கூவியது. மாடு கத்தியது. கோயில் மணி அடித்தது. வெங்காயப் பாத்திக்கும் மிளகாய்க் கன்றுக்கும் வெயில் ஏறுமுன் தண்ணீர் விட வேண்டியிருந்தது. துலாக் காலத்தில் இறைப்பு ஒருவர் வேலையன்று. துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், தண்ணீர் மாற ஒருவர் வேண்டும். ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்களின் வேலையும் நின்றுவிடும். 1990களில் எரிபொருள் தடை இருந்தபோது, தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வைத்திருந்தவர்களிற் பலரும் துலாவுக்குத் திரும்பினார்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. விடியப்புறம் எழும்பியவர்கள் இரவு வேளைக்கே படுத்தார்கள். மின்சாரம் இல்லாத வீட்டில், மண்ணெண்ணெய் விலை ஏறியிருந்த காலத்தில், விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பதே சிக்கனமாக இருந்தது. அதிகாலை எழும்புதல் என்பது முந்திய இரவிலேயே தொடங்கியது.

நகரத்தில் இவை எல்லாம் ஒரே நாளில் இல்லாமற் போயின. மாடு இல்லை, பாத்தி இல்லை, துலாவில் காத்திருக்கும் அயலவர் இல்லை. எழும்பி என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் இல்லாதவனுக்குப் பாயே தஞ்சம். அவனைச் சோம்பேறி என்று சொல்வது நியாயமன்று. அவன் தொழிலையும், தொழிலோடு சேர்த்துக் காலையையும் இழந்தவன்.

உடலுக்குள் ஒரு மணிக்கூடு

தொட்டாற்சுருங்கியை அறியாத கமக்காரர் இல்லை. அதன் இலைகள் தொட்டால் மட்டுமன்றி இரவானாலும் மூடிக்கொள்ளும். காலையில் விரியும். புளிய மரத்தின் இலையும் அப்படியே. 1729ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் த மெரான் என்ற அறிஞர் இத்தகைய செடி ஒன்றைச் சூரிய வெளிச்சம் படாத இருட்டில் வைத்துப் பார்த்தார். இருட்டிலும் அதன் இலைகள் பகல் வேளையில் விரிந்தன, இரவு வேளையில் மூடின. வெளிச்சம் இல்லாமலே செடி வேளையை அறிந்திருந்தது.

மனித உடலிலும் அதேபோல ஒரு மணிக்கூடு ஓடுகிறது. எப்போது உறக்கம் வர வேண்டும், எப்போது உடற்சூடு ஏற வேண்டும், எப்போது பசிக்க வேண்டும் என்பவற்றை அது ஒழுங்குபடுத்துகிறது. இந்த மணிக்கூடு கலங்களுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர்கள் மூவருக்கு, ஹோல், ரொஸ்பாஷ், யங் ஆகியோருக்கு, 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதில் எங்களுக்கு வேண்டிய செய்திகள் மூன்று.

முதலாவது, பெரும்பாலானோரின் உள் மணிக்கூடு சரியாக 24 மணித்தியாலத்துக்கு ஓடுவதில்லை. சற்றுப் பிந்தியே ஓடும். அதை நாள்தோறும் திருத்திவிடுவது காலை வெளிச்சம். கண் வழியாகச் செல்லும் அந்த வெளிச்சம் "விடிந்துவிட்டது" என்று மூளைக்கு அறிவிக்கிறது.

இரண்டாவது, இரவில் படும் பிரகாசமான வெளிச்சம் எதிர்மாறாக வேலை செய்கிறது. பொழுதுபட்ட பின் உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடொனின் என்ற சுரப்பை அது தடுக்கிறது. மணிக்கூடு மேலும் பிந்துகிறது.

மூன்றாவது, எல்லோருடைய மணிக்கூடும் ஒன்றல்ல. சிலர் பிறப்பிலேயே விடியற்காலைக்கு ஏற்றவர்கள், சிலர் இரவுக்கு ஏற்றவர்கள். பிந்தி எழும்பும் இயல்புடையவர் கெட்டவர் அல்லர். அவருக்கு ஒழுங்கு சற்றுக் கூடுதலாகத் தேவை, அவ்வளவுதான்.

நாட்டின் மணிக்கூட்டை மாற்றிய காலம்

மணிக்கூட்டு முள்ளுக்கும் விடியலுக்கும் உள்ள வேறுபாட்டை இலங்கையர் நேரிலே பட்டறிந்திருக்கிறோம். 1996இல் மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் தளர்ந்தபோது, மின்சாரத்தைச் சேமிப்பதற்காக அரசாங்கம் அவ்வாண்டு மே 25ஆம் திகதி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. ஒக்டோபர் 26ஆம் திகதி அரை மணித்தியாலம் பின்னே எடுத்தது. எஞ்சிய அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரை, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நிலைத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. வவுனியாவைக் கடந்து வந்தவர்கள் சோதனைச் சாவடியோடு கைக்கடிகாரத்தையும் மாற்ற வேண்டியிருந்தது.

கணக்கைப் பாருங்கள். கொழும்பில் சூரியன் பழைய நேரப்படி ஆண்டு முழுவதும் காலை 5.50க்கும் 6.30க்கும் இடையில் உதிக்கும். 1996 மே கடைசியில் புதிய நேரப்படி ஏழு மணியளவில்தான் உதித்தது. அடுத்து வந்த ஆண்டுகளிலும் சனவரி, பெப்ரவரி மாதங்களில் சூரியன் காண ஏழு மணியாயிற்று. 6.30க்குப் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளை இருட்டிலே புறப்பட்டது. அந்த ஆண்டுகளில் பெற்றோர் பலர் சொன்ன குறையும் இதுவே. புதிய நேரம் 5.30 என்று எழும்பிய தாய், மே மாதத்துக் கணக்கில் உண்மையில் 4.30க்கே எழும்பினாள். முள்ளை ஒரு கட்டளையால் நகர்த்தலாம், உடலை நகர்த்த முடியாது. உடல் சூரியனைத்தான் பார்க்கிறது.

நகரம் விடியலை மறைக்கும் விதம்

லொட்ஜ் அறைகளிலும், ஒரு வீட்டைப் பலகையால் பிரித்த அறைகளிலும், தொடர்மாடியின் பின்புறத்து அறைகளிலும் யன்னல் இருப்பதில்லை, இருந்தாலும் அடுத்த வீட்டுச் சுவரையே பார்க்கும். அங்கே காலை ஆறு மணியும் நள்ளிரவும் ஒன்றே. காலி வீதியின் வாகனச் சத்தம் இரவு வெகுநேரம் ஓய்வதில்லை. தொலைக்காட்சி ஒரே அறையில் எல்லோருக்கும் ஓடுகிறது. வெளிநாட்டுப் பிள்ளையின் அழைப்புக்காக நடுச்சாமம் வரை காத்திருப்பவர்கள் பலர்.

இவற்றுக்கு மேலாக, விடியலையே அஞ்சக் கற்றவர்களும் எங்களிடையே உண்டு. சுற்றிவளைப்பும் வீட்டுச் சோதனையும் பெரும்பாலும் விடியுமுன் நடந்தன. 2007 சூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட இடங்களின் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் முந்நூறுக்கும் மேற்பட்டோர் பொலிசாரால் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலானோர் வவுனியாவுக்கே கொண்டு செல்லப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தே அது நின்றது. அத்தகைய விடியலைக் கண்ட ஒருவருக்கு அதிகாலையில் மனம் கனப்பது வியப்பன்று. அதை வீட்டார் விளங்கிக்கொள்ள வேண்டும்.

செய்யக்கூடிய ஒழுங்கு

1. தேவையான நேரத்தைக் கணக்கிடுங்கள். நாலு மணிக்கு எழும்புவது புண்ணியம் என்று எண்ண வேண்டாம். தோட்டம் இருந்தபோது நாலு மணிக்குக் காரணம் இருந்தது. இன்று பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது. பிள்ளை 6.45க்குப் புறப்பட வேண்டுமானால், அதற்கு முன் என்னென்ன வேலை என்று எழுதிப் பாருங்கள். ஒரு மணித்தியால வேலை என்றால் 5.45 போதும். அந்த நேரத்தை ஞாயிற்றுக்கிழமையும் மாற்றாதீர்கள். வார இறுதியில் ஒன்பது மணி வரை உறங்கினால் திங்கட்கிழமை உடல் வேறு நாட்டிலிருந்து வந்ததுபோல் தடுமாறும்.

2. கால் மணித்தியாலமாக நகருங்கள். இன்று ஏழு மணிக்கு எழும்புபவர் நாளை 5.45க்கு எழும்ப முயன்றால் மூன்றாம் நாள் கைவிடுவார். நாலு நாளைக்குக் கால் மணித்தியாலம் என்று குறைத்து வாருங்கள். ஐந்து படிகள், இருபது நாட்கள். படுக்கும் நேரத்தையும் அதே அளவு முன்னுக்கு எடுங்கள். வளர்ந்தவருக்கு ஏழு மணித்தியாலமாவது உறக்கம் வேண்டும். 5.45க்கு எழும்புபவர் 10.45க்குள் உறங்கியிருக்க வேண்டும்.

3. பாதிக் காலையை இரவிலேயே முடியுங்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் வாளிகளை நிரப்பி மூடுங்கள். சீருடை, சப்பாத்து, புத்தகப் பை ஆகியவற்றை வாசலருகே வையுங்கள். பேருந்துக் காசைச் சில்லறையாக எடுத்து வையுங்கள். சம்பலுக்கு வெங்காயம் உரித்து வைக்கலாம். பொதுக் குளியலறை உள்ள இடங்களில் யார் எப்போது என்று அயலவரோடு முதல்நாளே பேசி ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். காலைச் சண்டைகளிற் பாதி இதனால் குறையும். இந்த வேலைகள் தாயின் தலையில் மட்டும் விழக்கூடாது. தந்தை தண்ணீர் நிரப்பலாம், மூத்த பிள்ளை தம்பி தங்கையின் பையைப் பார்க்கலாம்.

4. எழும்பியதும் மூன்று காரியங்கள்: வெளிச்சம், தண்ணீர், ஒரு சிறு வேலை. முகம் கழுவி ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வாருங்கள். அறை மின்விளக்கின் வெளிச்சத்தைவிட, முகில் மூடிய நாளின் வெளிவெளிச்சம் பன்மடங்கு கூடியது. இருபது நிமிடம் போதும். வெள்ளவத்தையில் ஒழுங்கையின் கடற்கரைப் பக்கம் நடக்கலாம், புகையிரதப் பாதையில் மட்டும் நடக்க வேண்டாம். கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களில் மொட்டைமாடியோ வாசற்படியோ போதும். முதல் வேலை சிறிதாக இருக்கட்டும். பாயைச் சுருட்டி வைப்பது, அடுப்பில் கேத்தலை வைப்பது போன்றது. எழும்பியவுடன் அரை மணித்தியாலம் வரை மூளை மந்தமாக இருப்பது இயல்பு. அந்த வேளையில் பெரிய தீர்மானம் எதுவும் எடுக்க வேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம்.

5. உயிருள்ள ஒன்றை வளருங்கள். இது கமக்காரருக்கே உரிய வழி. அடியில் துளையிட்ட பழைய வாளியில் இரண்டு மிளகாய்க் கன்றோ, அகன்ற பெட்டியில் கீரையோ வையுங்கள். வெயில் அரை நாளாவது படும் இடமாகப் பாருங்கள். வெள்ளவத்தையில் கடலுக்கு நேர்முகமாக வைத்தால் உப்புக் காற்று இலையைக் கருக்கும், சுவரின் மறைவில் வையுங்கள். நஞ்சூட்டக்கூடிய பழைய பெயின்ற் வாளிகளைத் தவிர்த்து உணவுப்பொருள் வந்த வாளிகளை எடுங்கள். தண்ணீர் காலையில் விடுவதே செடிக்கும் நல்லது. கீரை ஒரு மாதமளவில் கறிக்கு வரும். நோக்கம் அந்தக் கறி மட்டுமன்று. வெளியே உங்களை எதிர்பார்த்து ஒன்று காத்திருக்கிறது என்பதே எழும்புவதற்குக் காரணமாகிறது. ஊரில் பாத்தி செய்த வேலையை இங்கே வாளி செய்யும்.

6. தேத்தண்ணீருக்கும் பகலுறக்கத்துக்கும் எல்லை வையுங்கள். தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கபேன், குடித்து ஐந்து மணித்தியாலம் சென்ற பின்னும் ஏறத்தாழ பாதி உடலில் நிற்கும். ஆகவே பின்னேரம் நாலு மணிக்குப் பின் தவிருங்கள். மதியம் கண்ணயர்வதானால் அரை மணித்தியாலம், அதுவும் மூன்று மணிக்கு முன்.

7. வெளிநாட்டு அழைப்பை இடம் மாற்றுங்கள். கோடைகாலத்தில் ரொறன்ரோவில் இரவு ஒன்பது மணியென்றால் கொழும்பில் மறுநாள் காலை 6.30. மாரிகாலத்தில் அதுவே 7.30. அங்கே பிள்ளை வேலை முடித்து, சாப்பிட்டு ஆறியிருக்கும் நேரம் அது. "நடுச்சாமத்தில் எடுக்காதே, விடிய எடு" என்று சொல்லுங்கள். இலண்டனில் இருப்பவர்களை அவர்களின் மதிய இடைவேளையில் எடுக்கச் சொன்னால் இங்கே பின்னேரமாயிருக்கும். இரவில் காத்திருக்கத் தேவையில்லை, பிள்ளையின் குரல் கேட்கும் ஆசையே காலையில் எழுப்பிவிடும்.

8. தவறிய நாளை எண்ண வேண்டாம். ஒரு நாள் மழையால் இறைப்புத் தவறியதற்காக யாரும் தோட்டத்தைக் கைவிடவில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு எழும்புங்கள்.

பிள்ளைகளும் முதியவர்களும்

பதின்ம வயதுப் பிள்ளைகளோடு காலையில் நடக்கும் போராட்டத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பருவமடையும் வயதில் உள் மணிக்கூடு இயல்பாகவே பிந்துகிறது. பத்து மணிக்கும் உறக்கம் வராது, ஆறு மணிக்கும் விழிப்பு வராது. இதனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல், இவ்வயதினரின் பாடசாலைகள் காலை 8.30க்கு முன் தொடங்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. எங்கள் பாடசாலை நேரத்தை நாங்கள் மாற்ற முடியாது. ஆனால் "உனக்குப் பொறுப்பில்லை" என்று ஏசுவதை நிறுத்தலாம். இவ்வயதினருக்கு எட்டிலிருந்து பத்து மணித்தியால உறக்கம் வேண்டும். இரவு ரியூசனை முடித்து வந்த பிள்ளையிடமிருந்து ஒன்பதரைக்குக் கைத்தொலைபேசியை வாங்கி வைத்துவிட்டு, காலையில் விளக்கையும் கதவையும் திறந்துவிடுங்கள். சிறு பிள்ளைகளுக்கு ஒன்பது மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேண்டும். தொலைக்காட்சி எட்டரைக்கு நின்றால்தான் அது கிடைக்கும்.

முதியவர்களின் நிலை மறுபுறம். அவர்கள் மூன்று, நாலு மணிக்கே விழித்துக்கொள்வார்கள். ஒரே அறையில் அது மற்றவர்களுக்கு இடைஞ்சலாகும். அவர்களைப் பின்னேர வெளிச்சத்தில் வெளியே உட்கார வைத்தால் உறக்கம் சற்றுப் பிந்தும். இரவு வேலைக்குப் போய் வரும் மகனை மட்டும் காலையில் எழுப்ப வேண்டாம். அவனுக்கு அது இரவு. யன்னலைத் துணியால் மூடி அமைதியாக உறங்க விடுங்கள்.

ஒழுங்கு மட்டும் போதாதபோது

மேற்சொன்ன எதுவும் பயன் தராத நிலையும் உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேலாக இரவில் உறக்கமின்மை, பழைய சம்பவங்கள் கனவில் திரும்பத் திரும்ப வருதல், விடியுமுன் விழித்து நெஞ்சு படபடத்தல், எதிலும் விருப்பமின்மை, சாப்பாடு வேண்டாமை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஆகியவை இருந்தால் அது பஞ்சியன்று, நோய். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட நூலில் போர் எங்கள் மக்களின் உள்ளத்தில் ஏற்படுத்திய காயங்களை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். காலில் காயம் வந்தால் மருந்து கட்டுவதுபோல உள்ளக் காயத்துக்கும் மருத்துவம் உண்டு. அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். உறக்க மாத்திரையை வைத்தியர் சொல்லாமல் மருந்துக் கடையில் வாங்க வேண்டாம். மதுவால் வரும் உறக்கம் நடுச்சாமத்தில் கலைந்துவிடும்.

நிலம் எப்போது கையில் வரும் என்பது எங்கள் கையில் இல்லை. ஊரில் சில காணிகள் விடுவிக்கப்பட்டன, சில இன்னும் காத்திருக்கின்றன. திரும்பிப் போகும் நாள் வரும்போது கிணற்றடிக்கும் வயலுக்கும் போகக்கூடிய உடலும் மனமும் எங்களுக்கு வேண்டும். நகரத்திலேயே தங்கிவிடத் தீர்மானித்தவர்களுக்கும் பிள்ளைகளை ஒழுங்காகப் பாடசாலைக்கு அனுப்பும் வீடு வேண்டும். இரண்டுக்கும் காலை தேவை.

எட்டுக் காரியங்களையும் ஒருமிக்கத் தொடங்க வேண்டாம். இன்றிரவு வாளியை நிரப்பிப் பிள்ளையின் சப்பாத்தை வாசலில் வையுங்கள். நாளை எழும்பியதும், எந்த நேரமானாலும், முதலில் வெளியே வந்து வெளிச்சத்தில் நில்லுங்கள். ஒரு வாரம் இந்த இரண்டையும் மட்டும் செய்து பாருங்கள். அடுத்த வாரம் மிளகாய்க் கன்று வைக்கலாம்.